பெயர் சொல்லாமல் கேட்ட கேள்வி

கும்மிடிப்பூண்டி
9 ஜூலை 2025

காயத்ரிக்கு,

அம்மா எழுதுகிறேன். பதறாமல் படி. நான் கிணற்றிலும் விழவில்லை, ரயில் முன்னாலும் போய் நிற்கவில்லை. நன்றாக இருக்கிறேன். உன் நைனா ஊரில் கேட்கிறவர்களிடமெல்லாம் நான் திருப்பதிக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பெண்டாட்டி ஓடிவிட்டாள் என்று எந்த ஆம்பிளைதான் சொல்வான்?

நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில். கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். இவ்வளவு பக்கத்தில் இருப்பேன் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. மிஷினிலிருந்து வந்து விழுகிற மூடிகளின் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவிவிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். தலைக்குத் தொப்பி, மேலுக்கு ஒரு நீலக் கோட்டு. சூப்பர்வைசர் எட்வர்ட் என்பவர், “வயசு இன்னாம்மா?” என்று கேட்டார். “நாப்பத்தேழு” என்றேன். “களை எடுத்த கைதான?” என்றார். ஆமாம் என்றதும் சேர்த்துக்கொண்டார். பஜார் பக்கம் ஒரு அறையில் சூளூர்ப்பேட்டைக்காரி ரமணம்மாவோடு இருக்கிறேன். அவளும் அதே கம்பெனிதான்.

போனை வேண்டுமென்றேதான் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். சிம் உன் நைனா பேரில் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று அதிலேயே பார்க்கலாமாம். தரகர் சந்திரமோகன் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை என் காதால் கேட்டேன். உன் வீட்டுக்கு எழுதினால் மாப்பிள்ளை கையில் கிடைக்கும். அதனால் நீ வேலை செய்கிற ஆடிட்டர் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

ஏன் வந்தேன் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. உனக்குத் தெரியாததா?

யார் சொல்லி வந்தாய் என்று கேட்பாய். யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. போனில் ஒரு கேள்வி கேட்டேன். ஒருத்தர் பதில் சொன்னார். அது எனக்குச் சரியாகப் பட்டது.

நீங்கள் வாங்கப்போகிற ஃப்ளாட் வேலை நல்லபடியாக முடியட்டும்.

அம்மா


திருவள்ளூர்
14 ஜூலை 2025

அம்மா,

உன் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டேன். ஆடிட்டர் சார் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். உறவில் ஒரு விசேஷம் என்று உளறிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தேன்.

கிணற்றில் விழவில்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறாய். நைனா பாதாளக் கரண்டியை இரவல் வாங்கி வந்து நம் பம்புசெட்டுக் கிணற்றில் போட்டுத் தேடியிருக்கிறார். உனக்கு இது தெரியுமா? கயிறு இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருக்கிறது. அப்புறம் திருவள்ளூருக்கு வந்து என் வீட்டில், நாற்காலி இருக்கும்போதே, தரையில் உட்கார்ந்தார். “உங்க அம்மா எங்க போச்சின்னு ஊரே கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?” என்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. சோறு போட்டேன், தொடவில்லை.

நாற்பத்தேழு வயதில் கம்பெனி வேலை. மூடி சீவுகிற வேலை. நம் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும்போது உனக்கு என்னம்மா வந்தது?

போனில் யாரோ பதில் சொன்னாராம், அது சரியாகப் பட்டதாம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்டர்நெட்டில் ஆலோசனை சொல்கிற கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் வியூஸுக்காகப் பேசுகிறவர்கள், மீதிப் பேர் ஏதாவது விற்க வருகிறவர்கள். நானும் என் தோழிகளும் ஃபேஸ்புக்கில் நம் மாவட்டத்துப் பெண்களுக்காக ஒரு குழு நடத்துகிறோம். வேலை, சேமிப்பு, பி.எஃப்., பத்திரம் என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் போடுவோம். ஒருத்தியின் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும் நமக்கு, வாய்க்கு வந்ததைச் சொல்ல? உனக்குச் சொன்னவர் யார் என்று எழுது. நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. உனக்குத் தெரியாததா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு எதுவுமே தெரியாது. நைனா அன்று, “கையெயுத்துப் போட மாட்டேன்னு ஓடிப்புட்டா” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எந்தக் கையெழுத்து என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஃப்ளாட்டுக்கு நான் அவரிடம் உதவி கேட்டது உண்மை. மேட்டுக்கொல்லையை விற்றுத் தருகிறேன் என்றார். அது அவருடைய பங்குதானே? அதில் நீ எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

உடனே பதில் எழுது. இல்லை, பக்கத்தில் யாரிடமாவது போன் வாங்கிப் பேசு.

காயத்ரி


கும்மிடிப்பூண்டி
19 ஜூலை 2025

காயத்ரிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து மறுபடியும் படித்தேன். ரமணம்மா, “ஏமி அக்கா, எவுராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டாள். அவள் பேச்சில் தெலுங்கும் தமிழும் கலந்து வரும். இல்லை என்றேன்.

உனக்குத் தெரியாது என்கிறாய். நம்புகிறேன். அப்படியானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மே மாதம் ஒரு நாள் காலையில், “பட்டாவுல பேரு தப்பா கீதாம், ஒரு கையெயுத்துப் போட்டுட்டு வந்துர்லாம், கெளம்பு” என்றார் உன் நைனா. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சந்திரமோகன் நின்றுகொண்டிருந்தார். பத்திரம் எழுதுகிறவர் வயசானவர், கொஞ்சம் கறாரானவர். கையெழுத்துப் போடுகிறவருக்குப் படித்துக் காட்டாமல் வாங்க மாட்டாராம். “அதெல்லாம் வேணாம் சார், அவங்களுக்கு எல்லாம் தெரியும்” என்று சந்திரமோகன் சொல்லச் சொல்ல, அவர் படித்தார்.

ஏரிக்கரைக் கழனி. என் அப்பா எனக்கு எழுதிக்கொடுத்தாரே, அந்தக் கழனி. அதை விற்கிற அதிகாரத்தை நான் சந்திரமோகனுக்குக் கொடுப்பதாக எழுதியிருந்தது. குடோன் கட்டுகிறவர்களுக்காம். மேட்டுக்கொல்லைக்கு வழி கிடையாது, அதை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. பேனா கையில்தான் இருந்தது. உன் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்து, “காயத்ரிக்குத்தான்டி, பாப்பா ஊடு வாங்குது, அதுக்குத்தான்” என்றார். அவர் சொன்ன விதத்தில், உனக்கும் தெரிந்துதான் எல்லாம் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதைத்தான் இவ்வளவு நாளும் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் சந்திரமோகனின் பைக் வாசலில் வந்து நிற்கும். உட்கார்ந்து, என் காதில் விழும்படி, “அம்மா மனசு மாறலியா?” என்பார். சோற்றுத் தட்டைப் போட்டால் உன் நைனா, “என் ஊட்டுச் சோத்த துன்னுக்கினு எனக்கே வேல காட்றியா?” என்பார். நெல் விளைவது என் கழனியிலும்தான். ஆனால் அந்த நேரம் அது வாயில் வரவில்லை.

அந்த நாட்களில்தான் போனில் கேட்டேன். பெண்கள் குழு ஒன்றில் பேர் கேட்காத ஒரு படிவம் இருந்தது, அதில் எழுதி அனுப்பினால் குழுவில் பதில் போடுவார்கள். கேள்வியையும் பதிலையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். யார் சொன்னார் என்று கேட்டாயே, பார்த்து எழுதுகிறேன்.

நான் கேட்டது: “என் அப்பா எனக்குக் கொடுத்த நிலம் என் பேரில் இருக்கிறது. பட்டா திருத்தம் என்று சொல்லிக் கூட்டிப்போய், அதை விற்கும் அதிகாரப் பத்திரத்தில் கணவர் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. பெற்ற பிள்ளைக்காகத்தான் என்கிறார். நான் போட்டுவிடலாமா?”

வந்த பதில்: “போடாதீங்க அக்கா. நிலம் உங்க பேர்ல இருந்தா அது உங்களோடது. யாருக்காகன்னு சொன்னாலும் சரி, பெத்த பிள்ளைக்குன்னு சொன்னாலும் சரி, பொய் சொல்லி வாங்குற கையெழுத்து தப்புதான். மூலப் பத்திரம் உங்க கையில இருக்கட்டும். உங்க பேர்ல தனியா பேங்க் அக்கவுன்ட் ஆரம்பிங்க. சின்னதா இருந்தாலும் ஒரு வேலை தேடிக்கோங்க. சொந்த வருமானம் இல்லாதவங்க சொல்ற ‘மாட்டேன்’ ரொம்ப நாள் தாங்காது. வீட்டுல இருக்க முடியலைன்னா கொஞ்ச நாள் வெளிய தங்குறதுல தப்பே இல்லை. அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சா வேணாம்னுதான் சொல்லும். அப்படிச் சொல்லலைன்னா, அது பிள்ளையோட தப்பு, உங்களோடது இல்ல.”

இவ்வளவுதான். அதே குழுவில்தான் இந்தக் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்பதையும் பார்த்தேன். மூலப் பத்திரம் என் பையில் இருக்கிறது.

உன் நைனா கிணற்றில் தேடினார் என்று எழுதியிருந்தாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கைக்கு மஞ்சள் எண்ணெய் போடச் சொல்.

அம்மா


திருவள்ளூர்
23 ஜூலை 2025

அம்மா,

அது நான் எழுதியது.

ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. குழுவைத் திறந்து மறுபடி பார்த்தேன். மே மாதம், ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் டிபன் பாக்ஸ் மூடியை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அடித்த பதில் அது. நிறையப் பேர் கைதட்டிப் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் உன் மாப்பிள்ளை வசந்தகுமாரிடம் வேறு பெருமையாகச் சொன்னேன், யாரோ ஒரு அக்காவின் நிலத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

இரண்டு நாளாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. நான் யாருக்கோ சொன்னேன் அம்மா. உனக்குச் சொல்லவில்லை. நீ என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது எழுதிய வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை அதுதான். நீ என்று தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? நைனாவிடம் பேசிப் பார்க்கலாம்மா, அவசரப்படாதே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. இதைத்தான் எழுதியிருப்பேன். முன்பின் தெரியாதவளுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்.

வசந்தகுமாரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நியாயம் சொன்ன. நம்ம ஊட்டுக்கு நீயே பூட்டுப் போட்டுட்ட” என்றார். அவர் கெட்டவர் இல்லை. வாடகை வீட்டில் தண்ணீருக்குச் சண்டை போட்டு அலுத்துப்போனவர். ஆனால் அந்த வார்த்தை இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். காலண்டர் தாளில் எழுதி, பார்த்துப் பார்த்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். யார் எழுதினார் என்று மட்டும் சொல்லவில்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாயா?

காயத்ரி


கும்மிடிப்பூண்டி
29 ஜூலை 2025

காயத்ரிக்கு,

தெரியும்.

பொங்கலுக்கு வந்தபோது நீதான் என் போனை வாங்கி அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாய். சும்மா கிடக்கட்டும்மா என்றாய். நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்திருப்பாய். மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு உட்காருகிற நேரத்தில் தினமும் பார்ப்பேன். பதில் சொல்கிறவர் பேர் ‘கணக்கு அக்கா’ என்று இருக்கும். பேருக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியின் படம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது காதில் நாய் கடித்த வெட்டு. அது நம் வீட்டுக் கன்று என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்துதான் கேட்டேன். உன்னைப் பரீட்சை வைப்பதற்காக இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்வந்த அந்த வாரமே உனக்குப் போன் செய்தேன். உன் நைனா பக்கத்தில் இருந்தார், வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. அவரோடு எனக்குச் சரிப்படவில்லை என்று மட்டும் சொன்னேன். “அவரு அப்டித்தாம்மா. இத்தினி வருசம் பொறுத்துக்கினு இருந்தியே, இப்ப இன்னா புதுசா?” என்றாய். ஃப்ளாட்டில் சமையலறை எந்தப் பக்கம் என்று பேச ஆரம்பித்துவிட்டாய்.

போனை வைத்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. யார் யாரோ கேட்கிறார்கள், இவள் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாள். நான் இவளுக்கு அம்மாவாக இல்லாமல் இருந்தால் எனக்கு என்ன சொல்வாள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பேர் போடாமல் கேட்டேன்.

உனக்கும் இதில் கூட்டு என்று அப்போது நம்பியிருந்தேன். அதனால், கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றுதான் பதில் வரும், இல்லை என்றால் பதிலே வராது என்று நினைத்தேன். பதிலைப் பார்த்ததும் போன் கையிலிருந்து நழுவித் தவிட்டில் விழுந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். பெத்த பிள்ளைக்குன்னு சொன்னாலும் சரி, என்று எழுதியிருந்தாய். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள் எப்படி என் கழனியைக் கேட்கிறாள் என்று திகைப்பாக இருந்தது. உன்மேல் அவ்வளவு கோபம். அதே நேரம் இப்படி ஒருத்தியைப் பெற்றிருக்கிறோமே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? உன் பேச்சைக் கேட்டுக் கிளம்பி வந்தேன், உன்னிடம் சொல்லாமல்.

உன்னிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கலாம். கேட்காமலே உன்னைச் சந்தேகப்பட்டேன். அந்தத் தப்பு என்மேல் இருக்கிறது.

இங்கே பேங்க் அக்கவுன்ட் ஆரம்பித்துவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண் நாமினி யார் என்று கேட்டாள். எனக்குப் பிறகு யாருக்கு என்று அர்த்தமாம். உன் பேரைச் சொன்னேன். உன்மேல் கோபம் தீராத நாளில்தான் சொன்னேன்.

குழுவை விட்டுவிடாதே. அந்தக் கன்றின் படத்தையும் மாற்றாதே.

அம்மா


திருவள்ளூர்
6 ஆகஸ்ட் 2025

அம்மா,

உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இங்கே வேறொன்று நடந்துவிட்டது.

நம் குழுவில் புதிதாகச் சேர விரும்புகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பட்டியலைத் திறந்தேன். முதலில் இருந்த பேர் மணவாளன். டிராக்டர்மேல் உட்கார்ந்திருக்கிற படம். நைனா.

ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது: “என் சம்சாரத்துக்கு யோசனை சொன்னவங்க கிட்ட நானும் ஒரு யோசனை கேக்கணும்.”

நீ விட்டுவிட்டுப் போன போனில் அந்தக் கேள்வியையும் பதிலையும் குழுவின் பேரையும் பார்த்திருக்கிறார். பெண்கள் குழு என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று அழுத்தினால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. என்னால் முடியவில்லை. ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன்.

கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். நீ இல்லாமல் அவரே கிண்டியது, கட்டி கட்டியாக இருந்தது. உட்கார்ந்தேன். “அந்தக் குரூப்ல சேர கேட்டிருக்கியே நைனா” என்றேன்.

“ஒனக்கு எப்டித் தெரியும்?”

“அத நடத்துறதே நாங்கதான். அம்மாவுக்குப் பதில் போட்டது நான்.”

குண்டானைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“ஒனக்கோசரம்தானே பாப்பா விக்கப் பாத்தேன்” என்றார்.

“அது அம்மா கழனின்னு எனக்குத் தெரியாது நைனா.”

“தெரிஞ்சிருந்தா?”

கீழே இருந்த குண்டானை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு நான் கேட்டேன். “பட்டான்னு பொய் சொல்லிக் கூட்டிப் போறதுக்கு, அம்மாவயே கேட்டிருக்கலாமே. குடுக்காதுன்னு நெனச்சியா?”

கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “குடுக்காதுன்னுல்லாம் நெனைக்கல. கேக்கணும்னே தோணல. எதுக்கு ஒங்க அம்மாவக் கேட்டிருக்கேன் இத்தினி வருசத்துல? பட்டான்னு சொன்னா சீக்கிரம் வேல முடியும்னு சந்திரமோகன் சொன்னான். செரின்னுட்டேன்.”

அம்மா, அவர் ஏமாற்றப் பார்த்தார் என்றால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. ஏமாற்றுகிறவனுக்கு எதிரில் ஒரு ஆள் இருக்கிறது என்றாவது தெரியும். இவருக்கு, கேட்க வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாய் என்பதே தெரியவில்லை. அதை மறைக்கக்கூட இல்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். சமையலறை எந்தப் பக்கம் என்று உனக்குச் சொன்னேனே தவிர, நீ ஏன் போன் செய்தாய் என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது, “குரூப்ல இன்னா கேக்கறதுக்கு இருந்த?” என்றேன்.

“ஊட்டுக்கு வான்னு கூப்புடறதுக்கு முன்ன இன்னா சொல்லணும்னு” என்றார்.

நான் உன் முகவரியைச் சொல்லவில்லை. நீ சொல்லாமல் சொல்ல மாட்டேன்.

ஃப்ளாட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். வசந்தகுமார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது என் பக்கத்தில்தான் நின்றார். “அத்தை கழனிய வித்து வாங்கற ஊட்ல நாம எப்டித் தூங்கறது?” என்று பில்டர் ஆபீஸ் படியிறங்கும்போது சொன்னார்.

காயத்ரி


கும்மிடிப்பூண்டி
10 ஆகஸ்ட் 2025

காயத்ரிக்கு,

முகவரியைக் கொடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. தனியாக வரட்டும். சந்திரமோகன் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

அம்மா


கும்மிடிப்பூண்டி
18 ஆகஸ்ட் 2025

காயத்ரிக்கு,

நேற்று உன் நைனா வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார், அவரே தேய்த்திருப்பார், காலரில் இரண்டு மடிப்பு. அறைக்குள் வரவில்லை. ரமணம்மா இருக்கிறாள் என்று கூச்சம். ஸ்டேஷனுக்கு நடந்துபோய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். சென்னைப் பக்கம் போகிற வண்டிகள் இரண்டு போயின.

கையைப் பார்த்தேன். தோல் ஆறிவிட்டது, கோடு மட்டும் இருக்கிறது. “கெணத்துல எதுக்குத் தேடினீங்க, எனக்கு நீச்சல் தெரியுமே” என்றேன். “நீச்சல் தெரிஞ்சவங்க வேணும்னே வியுந்தா இன்னா ஆவறது?” என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. அவருக்கு அந்த வார்த்தை தெரியாது, நீயும் எதிர்பார்க்காதே. சந்திரமோகனை இனிமேல் வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னார். அப்புறம் ஏரிக்கரைக் கழனியில் சொர்ணவாரி நெல் முற்றி நிற்கிறது, அறுப்பு மிஷின் ஆட்கள் தேதி கேட்கிறார்கள் என்றார். எப்போதும் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பக்கம் திரும்பி, “அறுப்ப எப்ப வெச்சிக்கலாம்? அப்பறம் அந்தக் கழனிய இன்னா பண்லாம்னு நீ சொல்ற?” என்று கேட்டார்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் எனக்குக் கண் இருட்டியது என்று எழுதினேனே, காயத்ரி, நேற்றும் அப்படித்தான் இருந்தது. காது சரியாகத்தான் கேட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். இதற்கு எதுவும் வைத்திருக்கவில்லை.

“வெள்ளிக்கிழம அறுங்க. நான் லீவு போட்டுக்கினு வந்து நிக்கிறேன்” என்றேன். அது சுலபம், விவசாயம் தெரிந்தது. கழனியை என்ன செய்வது என்பதற்கு, “யோசிச்சு சொல்றேன்” என்றேன்.

“அப்ப ஊட்டுக்கு?”

“அதையுந்தான்.”

சரி என்று எழுந்தார். ரயில் வந்ததும் ஏறி, கதவோரம் நின்றுகொண்டார்.

இன்று காலையிலிருந்து அதே யோசனை. நல்ல மூடிகளையும் சேர்த்துச் சீவிவிட்டேன். எட்வர்ட் வந்து, “இன்னாம்மா, கவனம் எங்க கீது?” என்றார். நாமே பயிர் வைக்கலாமா, குத்தகைக்கு விடலாமா, மெயின் ரோட்டைப் பார்த்த ஓரத்தை மட்டும் விற்று உனக்குக் கொடுக்கலாமா என்றெல்லாம் ஓடுகிறது. கொடுப்பதாக இருந்தால் நீ கேட்க வேண்டும், நேராக என்னை. நான் மாட்டேன் என்றும் சொல்லலாம். அதற்கும் நீ தயாராக வர வேண்டும்.

வேலையை விட எனக்கு மனம் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. தினமும் ஒரு ஸ்டேஷன் ரயிலில் வந்துபோக முடியாதா என்ன? ஆனால் வீட்டுக்குப் போவதாக இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் குழுவில் கேட்டால் உடனே பதில் வரும். ரமணம்மா தன் போனை நீட்டுகிறாள், கேட்டுப் பாரு அக்கா என்று. வேண்டாம் என்றுவிட்டேன். அவர் கேட்டது என்னை. என் பதில் என்னவென்று எனக்கே இன்னும் தெரியவில்லை. இருந்து, பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அம்மா